காய்ந்த செம்பருத்திப் பூவில் சமையல்: புளிப்பு ஏன் வரவில்லை?

லாஸ்பேட்டை வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். காய்ந்த செம்பருத்திப் பூவைக் கொண்டு இனிப்பும் காரமும் சமைத்துப் பழகியவர்களிடம் விளக்கம் வேண்டி இதை எழுதுகிறேன்.

என் கணவரின் அண்ணன் பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றியவர். அந்தப் பணியின் பொருட்டு அவருடைய குடும்பம் சில ஆண்டுகள் செனகல் நாட்டின் தலைநகரான டாக்கரில் இருந்துவிட்டு, இப்போது பாரிஸ் அருகே குடியிருக்கிறது. பொங்கலுக்குப் புதுச்சேரி வந்த என் ஓர்ப்படி, டாக்கரில் வீட்டுக்கு வீடு காய்ச்சுகிற பானத்துக்கு உரியது என்று சொல்லி, ‘பிசாப்’ என்று எழுதிய பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். உள்ளே கருஞ்சிவப்பாகச் சுருண்ட காய்ந்த பூக்கள் இருந்தன. “செம்பருத்திப் பூதான், நம் வீட்டு வாசலில் பூக்கிறதே, அதே இனம்” என்றார். ஒரு பிடி எடுத்து வெந்நீரில் போட்டுச் சர்க்கரை சேர்த்தபோது, மாதுளைச் சாற்றைப் போன்ற நிறமும் நாக்கைச் சுண்டுகிற புளிப்புமாக, அவ்வளவு நன்றாக இருந்தது.

பொட்டலம் தீரத் தொடங்கியதும், எங்கள் வீட்டுச் செடியில் நாள்தோறும் பூக்கிற பூவை வீணாக்குவானேன் என்று எண்ணி, சித்திரை மாதம் முழுவதும் இதழ்களைப் பறித்து மொட்டை மாடியில் காயவைத்து ஒரு தூக்கு நிறையச் சேர்த்தேன். அதை அதே அளவில், அதே முறையில் காய்ச்சினால், தண்ணீர் ஊதா நிறமாகி, வெண்டைக்காய் ஊறின நீரைப் போல வழவழத்ததே தவிர, புளிப்பு என்பது துளியும் இல்லை. துவையல் அரைத்தேன், கொழகொழப்பினால் சோற்றில் பிசையவே முடியவில்லை. கேசரியில் போட்டேன், பார்க்கச் சகிக்காத சாம்பல் நிறம் வந்தது. சரி, பொட்டலத்துப் பூவில் மிச்சம் இருப்பதைப் பாயசத்தில் சேர்ப்போம் என்று பாலில் விட்டபோது, கண் முன்னாலேயே பால் திரிந்துவிட்டது.

ஆனி மாதக் கடைசியில் பிள்ளைகளுக்கு அங்கே பள்ளி விடுமுறை தொடங்கியதும் ஓர்ப்படி குடும்பத்தோடு வருகிறார். அவர் கொடுத்த பொருளிலேயே நம் ஊர்ச் சமையலாக ஓர் இனிப்பும் ஒரு காரமும் செய்து பரிமாற வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன். என் வீட்டுப் பூவில் புளிப்பு ஏன் இல்லை, காயவைத்த முறையில் தவறா, இரண்டு பூவையும் எப்படிச் சமைப்பது என்பதைத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


பாகூர் தோட்டக்காரர்

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் காயவைத்த முறையில் தவறு எதுவும் இல்லை. உங்கள் ஓர்ப்படி கொண்டுவந்தது வேறு செடி. அதுமட்டுமன்றி, அது பூவே அன்று. இந்தக் குழப்பம் பலருக்கும் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உலகச் சந்தையில் ‘காய்ந்த செம்பருத்திப் பூ’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் ரோசெல் என்னும் செடியின் புல்லிவட்டம். பள்ளியில் செம்பருத்திப் பூவை நீளவாக்கில் அறுத்துப் பார்த்த நினைவு பலருக்கும் இருக்கும். இதழ்களை அடியில் தாங்கி நிற்கும் பச்சைக் கிண்ணம்தான் புல்லி. நம் வாசல் செம்பருத்தியில் அது மெல்லியதாக, பச்சையாகவே இருந்து உதிர்ந்துவிடும். ரோசெல்லில் கதை வேறு. அதன் பூ வெளிர் மஞ்சளாக, நடுவில் கருஞ்சிவப்புக் கண்ணோடு காலையில் மலர்ந்து, ஒரே நாளில் வாடிவிடும். இதழ் உதிர்ந்த பிறகுதான் புல்லி பருக்கத் தொடங்கும். இரண்டு மூன்று வாரத்தில் அது விரலால் அழுத்தினால் ‘சடக்’ என்று ஒடிகிற அளவுக்குச் சதைப்பற்றோடு, இரத்தச் சிவப்பாக, உள்ளே விதைக்காயை மூடிக்கொண்டு நிற்கும். அடியில் கத்தியால் வட்டமாகக் கீறி விதைக்காயைத் தள்ளிவிட்டால் கையில் எஞ்சுவது ஐந்து முனை கொண்ட ஒரு சிவப்புக் கிரீடம். அதைக் காயவைத்ததுதான் உங்கள் பொட்டலத்தில் இருந்த சரக்கு.

வெண்டை, பருத்தி, செம்பருத்தி, நம் ஊர்ப் புளிச்சக்கீரை ஆகிய எல்லாம் ஒரே குடும்பம். நீங்கள் கண்ட வழவழப்பு அந்தக் குடும்பச் சொத்து. ஆனால் புளிப்பில் ரோசெல் புளிச்சக்கீரையின் பக்கம் நிற்கிறது. அதன் இலையையும் நம்மவர்கள் சிவப்புப் புளிச்சை என்று கீரையாகவே கடைவார்கள். வாங்கும்போது குழப்பம் வராமல் இருக்க, பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் தாவரப் பெயரைப் பாருங்கள். 1753-ஆம் ஆண்டு தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்துவிட்டார். ‘ஹைபிஸ்கஸ் சப்டாரிஃபா’ என்று இருந்தால் அது புளிக்கும். ‘ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ்’ என்று இருந்தால் அது நம் வாசல் செம்பருத்தி, நிறத்துக்கு மட்டுமே உதவும். நாட்டு மருந்துக் கடையில் ‘செம்பருத்திப் பூ’ என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். தலைக்குத் தேய்க்க என்று விற்கப்படும் செம்பருத்திப் பொடியைச் சமையலுக்குத் தொடவே வேண்டாம்; அது உண்பதற்கென்று சுத்தம் செய்யப்பட்டது அன்று.

இன்னொரு செய்தி. ரோசெல் நம் செம்மண்ணிலும் நன்றாக வருகிறது. ஆரோவில் பக்கம் அதில் பாகும் ஜாமும் செய்து விற்கிறார்கள். பாகூரில் என் வரப்போரத்திலும் சில செடிகள் உள்ளன. பகல் பொழுது குறுகத் தொடங்கிய பிறகுதான் அது பூக்கும் என்பதால், ஆடியில் விதைத்தால் ஐப்பசியில் பூத்துக் கார்த்திகை, மார்கழியில் புல்லி பறிப்புக்கு வரும். நம் கடற்கரைக்கு உள்ள தொல்லை இதுதான்: சரியாக வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற நேரத்தில் பறிப்பும் வந்து நிற்கும். நான் முதல் ஆண்டு பறித்ததை எல்லாம் அடைமழையில் கூடத்துத் தரையில் பரப்பிவைத்து, நான்காம் நாள் வெண்பூஞ்சை பிடித்து மொத்தத்தையும் குப்பைக்குழியில் கொட்டினேன். இப்போது மழை நாளில் பறிப்பதைப் பச்சையாகவே சமைத்துவிடுகிறோம். சேமிப்புக்கு உரியதைத் தை பிறந்து வெயில் ஏறிய பிறகே பறித்து, முறத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மேலே வெள்ளை வேட்டித் துணி மூடிக் காயவைக்கிறோம். ஒரு கிலோ பச்சைப் புல்லி காய்ந்தால் ஏறத்தாழ 100 கிராம்தான் தேறும். கையில் எடுத்து நொறுக்கினால் தோல் போல வளையாமல் முறிய வேண்டும். உப்புக் காற்றில் திறந்து வைத்தால் மறுபடி நமத்துவிடும் என்பதால் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி வையுங்கள்.


முதுநகர் சமையல்காரர்

தோட்டக்கார ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் கடலூர் முதுநகரில் சிறிய அளவில் விருந்துச் சமையல் எடுத்துச் செய்பவள். காரச் சமையலைப் பற்றி என் அனுபவத்தை எழுதுகிறேன், அக்கா.

முதலில் பாத்திரம். இந்தப் பொருளில் சிட்ரிக், மாலிக் போன்ற அமிலங்கள் நிறைய உள்ளன. அலுமினியச் சட்டியிலும் ஈயம் பூசாத பித்தளையிலும் இதைக் காய்ச்சவே கூடாது. ஒரு முறை அவசரத்தில் அலுமினியக் குண்டானில் பத்துப் பேருக்கு ரசம் வைத்துவிட்டேன். கால் மணி நேரத்தில் சிவப்பு மங்கி ஒரு கருநீலம் ஏறியது. வாயில் வைத்தால் உலோகச் சுவை. அத்தனையையும் கீழே கொட்டிவிட்டு மறுபடி புளி கரைத்து ரசம் வைத்தேன். எவர்சில்வர், மண்சட்டி, பீங்கான் மூன்றில் ஏதாவது ஒன்றையே பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, இதைப் புளிக்கு மாற்று என்று எண்ணும்போது ஒரு வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும். புளியில் புளிப்போடு இயற்கையான இனிப்பும், குழம்பைக் கெட்டியாக்குகிற சதையும் உண்டு. ரோசெல்லில் இனிப்பு மிகவும் குறைவு, கரைசலும் தண்ணீராகத்தான் இருக்கும். ஆகையால் புளி ஊற்றுகிற அதே குழம்பில் இதை ஊற்றினால் வெறும் புளிப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அதற்கு ஈடாகக் கொஞ்சம் வெல்லமும், கெட்டிக்கு வறுத்த எள்ளோ, அரைத்த தேங்காயோ, வெந்த துவரம்பருப்போ சேர்க்க வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

ரசத்துக்கு, நால்வருக்கு எலுமிச்சை அளவு புளி போடுகிற இடத்தில் ஏறத்தாழ 10 கிராம், அதாவது ஒரு சின்னப் பிடி காய்ந்த புல்லி போதும். முதலில் தண்ணீரில் ஒரு அலசு அலசி மண்ணைப் போக்குங்கள். இதன் மடிப்புகளில் மண் ஒளிந்திருக்கும். பிறகு கொதிக்கிற நீரை ஊற்றிக் கால் மணி நேரம் மூடி வைத்து வடிகட்டுங்கள். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, நெய்யில் தாளித்து, பருப்புத் தண்ணீர் சேர்த்து, நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். நெடுநேரம் கொதித்தால் நிறம் பழுப்பாகி ஒரு துவர்ப்பு ஏறிவிடும். மஞ்சள் தூளைக் கால் பங்காகக் குறைத்துக்கொண்டால் ரசம் செங்கல் நிறத்துக்குப் போகாமல் சிவப்பாகவே நிற்கும். என் அனுபவத்தில் தக்காளியே இல்லாமல் வைக்கிற மிளகு ரசத்துக்குத்தான் இது மிகவும் பொருந்துகிறது.

ஆனால் விருந்துக்கு நான் பரிந்துரைப்பது தொக்கு. நீங்கள் பானத்துக்குக் காய்ச்சி வடிகட்டிய பின் சக்கையை எறிந்துவிட்டிருப்பீர்கள். அதுதான் நல்ல பண்டம். மெக்சிகோ நாட்டில் ஜமைக்கா என்னும் பெயரில் இதே பானத்தைக் காய்ச்சுகிறவர்கள், எஞ்சுகிற சக்கையை வெங்காயம் பூண்டோடு வதக்கிச் சோள ரொட்டியில் சுருட்டி இறைச்சியைப் போலவே சாப்பிடுகிறார்கள். நம் நாக்குக்கு அது தொக்காகத்தான் ருசிக்கும். 50 கிராம் காய்ந்த புல்லியை வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, நீரைப் பானத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சக்கையைப் பொடியாக நறுக்குங்கள். குழிக்கரண்டி நிறைய நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, வெந்தயம், பெருங்காயம் தாளித்து, பதினைந்து பல் பூண்டும் ஒரு கை சின்ன வெங்காயமும் பொன்னிறமாக வதங்கிய பின் நறுக்கியதைச் சேருங்கள். முதலில் அது எண்ணெயை எல்லாம் குடித்துவிட்டுக் காய்ந்தது போல நிற்கும். பயந்து மேலும் எண்ணெய் ஊற்றாதீர்கள். இரண்டு தேக்கரண்டி மிளகாய்த் தூள், உப்பு, நெல்லிக்காய் அளவு வெல்லம், அரைக் கிண்ணம் வெந்நீர் சேர்த்துச் சிறுதீயில் மூடி வைத்தால், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சக்கை மென்மையாகி, குடித்த எண்ணெயை ஓரமாகக் கக்கும். அந்த எண்ணெய் மாணிக்கச் சிவப்பில் இருக்கும், அதுதான் பக்குவம். ஊறுகாய் மாங்காய்க்கும் புளிச்சக்கீரைத் தொக்குக்கும் இடைப்பட்ட சுவை, மெல்லும்போது நறுக்கென்று ஒரு பிடிப்பு. தயிர்ச்சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமான துணையை நான் கண்டதில்லை.

அசைவம் சமைப்பீர்கள் என்றால் இறாலோடு செய்து பாருங்கள். என் மாமியாரின் குடும்பம் 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்தது. அங்கே இதன் இலையைச் சின்பவுங் என்று சொல்லி இறால் சேர்த்து வதக்குவார்கள் என்று அவர் செய்து காட்டியிருக்கிறார். இலைக்குப் பதில் காய்ந்த புல்லியை வைத்து நான் செய்கிறேன். கால் கிலோ இறாலுக்கு 15 கிராம் போதும். வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி வதங்கி, ஊறிய புல்லி மசிந்த பிறகே இறாலைப் போட்டு, நான்கு நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும்; புளிப்பில் நெடுநேரம் கிடந்தால் இறால் ரப்பராகிவிடும். உருளைக்கிழங்கோ பருப்போ சேர்க்கிற சமையலாக இருந்தால், புளி விட்ட பின் காய் வேகாது என்று நம் வீட்டில் சொல்வது இதற்கும் பொருந்தும். அவை வெந்த பிறகே இதைச் சேருங்கள்.


லாஸ்பேட்டை வாசகி

பாகூர் ஐயாவுக்கும் முதுநகர் சகோதரிக்கும் மிக்க நன்றி. பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன். பின்புறம் சிறிய எழுத்தில் சப்டாரிஃபா என்றுதான் போட்டிருக்கிறது. நான் இத்தனை நாள் சக்கையைச் செடிக்கு எருவாகப் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதை நினைக்க வருத்தமாக இருக்கிறது. இனிப்புக்கு ஒரு வழி சொல்லுங்கள். பாலில் செய்ய முடியாது என்றால் நம் இனிப்புகளில் வேறு எதில் சேர்ப்பது? வெல்லம் போட்டு ஒரு முறை பாகு காய்ச்சினேன், அதுவும் சேற்று நிறமாகிவிட்டது.


பரங்கிப்பேட்டை வாசகி

அக்காவுக்கு வணக்கம். வெல்லப் பாகு நிறம் மாறியதற்குக் காரணம் உண்டு. இந்தச் சிவப்பு, அந்தோசயனின் என்னும் நிறமியினால் வருவது. நாவற்பழம், கத்தரிக்காய்த் தோல் ஆகியவற்றில் இருப்பதும் அந்த வகைதான். புளிப்பு இருக்கும் வரை அது சிவப்பாக இருக்கும். காரத்தன்மை கூடக் கூட ஊதாவாகி, நீலமாகி, கடைசியில் சாம்பல் பச்சையாகிவிடும். வெல்லம் காய்ச்சும்போது கரும்புச் சாற்றைத் தெளியவைக்கச் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். போதாததற்கு வெல்லத்தின் பழுப்பும் சேர்ந்துகொள்கிறது. உங்கள் கேசரி சாம்பலானதற்கும் இதுவே காரணம்: வாசல் செம்பருத்தியில் புளிப்பு இல்லாததால் நிறமி நீலப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆகையால் நிறம் வேண்டிய இனிப்புகளுக்கு வெள்ளைச் சர்க்கரையோ கற்கண்டோ போடுங்கள். சமையல் சோடாவை அதன் அருகிலேயே கொண்டுபோகாதீர்கள்.

எல்லா இனிப்புக்கும் அடிப்படையாக ஒரு மணப்பாகு காய்ச்சி வைத்துக்கொள்ளலாம். அரை லிட்டர் தண்ணீரில் 50 கிராம் புல்லியைப் பத்து நிமிடம் சிறுதீயில் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து அரை மணி நேரம் மூடி வைத்து, மெல்லிய துணியில் பிழிந்தால் சுமார் 350 மில்லி சாறு கிடைக்கும். அதில் 400 கிராம் சர்க்கரையும் தட்டிய இஞ்சி ஒரு துண்டும் சேர்த்து, சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். கம்பிப் பதம் வரைக்கும் காய்ச்சினால் ஆறிய பின் குழகுழவென்று உறைந்துவிடும், ஏனென்றால் பாகை உறையவைக்கிற பெக்டின் என்னும் பொருள் இதில் இயற்கையாகவே இருக்கிறது. ஜாம் வேண்டுமென்றால் அந்தக் குணத்தையே பயன்படுத்தி, சக்கையையும் அரைத்துச் சேர்த்துக் காய்ச்சுங்கள், தனியாக எதுவும் வேண்டாம். செனகலில் இந்தச் சாற்றில் புதினா போடுவார்கள். ஜமைக்காத் தீவில் கிறிஸ்துமஸ் நாளில் இஞ்சி, கிராம்போடு காய்ச்சுவார்கள். எகிப்தில் கர்கதே என்று சொல்லிச் சூடாகவும் குளிரவும் குடிப்பார்கள். எங்கள் ஊரிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் அந்த கர்கதேயைத்தான் பெட்டியில் கொண்டுவருகிறார்கள். எங்கள் வீட்டுக்கு இது வந்த வழி அதுதான்.

விருந்துக்கு நான் சொல்வது கடல்பாசி, அதாவது அகர்-அகர். நோன்பு மாதத்தில் எங்கள் தெருவில் கடல்பாசி காய்ச்சாத வீடு இருக்காது. பாலிலும் இளநீரிலும் செய்வதைப் போல இந்தச் சாற்றிலும் செய்கிறோம். 10 கிராம் கடல்பாசியைக் கழுவி ஊறவைத்து, 600 மில்லி தண்ணீரில், ஒரு நூல்கூடத் தெரியாமல் கரைகிற வரைக்கும் காய்ச்சுங்கள். அதன் பின் அடுப்பை அணைத்துவிட்டு, வெதுவெதுப்பான மணப்பாகு 200 மில்லியை ஊற்றிக் கலக்குங்கள். இந்த வரிசை முக்கியம். புளிப்பைச் சேர்த்த பிறகு கடல்பாசியைக் கொதிக்கவிட்டால் அதன் பிடிப்பு அற்றுவிடும். என் தங்கை இரண்டையும் ஒன்றாகக் கொதிக்கவைத்துவிட்டு, இரவு முழுவதும் காத்திருந்தும் தட்டில் வெறும் பாகுதான் நின்றது. பாகை மிகவும் குளிர்ந்ததாக ஊற்றினாலும் திட்டுத்திட்டாக உறைந்துவிடும். தட்டில் ஊற்றியதும் வறுத்த பண்ருட்டி முந்திரியைப் பாதியாக உடைத்து மேலே பரப்புங்கள்.

ஆறிய பின் கத்தியால் சாய்சதுரமாக வெட்டி ஒரு துண்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். முந்திரி சிவப்புக் கண்ணாடிக்குள் பதிந்தது போலத் தெரியும். இரண்டு அடுக்காகச் செய்ய விருப்பம் இருந்தால், தேங்காய்ப்பால் கலந்த வெள்ளைக் கடல்பாசியை முதலில் ஊற்றி, மேற்பரப்பு தொட்டால் ஒட்டுகிற பதத்தில் இருக்கும்போதே சிவப்பை ஊற்ற வேண்டும். முழுவதும் உறைந்துவிட்டால் அடுக்குகள் ஒன்றோடொன்று பிடிக்காமல் வழுக்கிப் பிரிந்துவிடும்.

தேங்காய்ப் பர்பியிலும் இதைச் சேர்க்கலாம், ஆனால் பாகாக அன்று. காய்ந்த புல்லியை வாணலியில் லேசாகச் சூடு காட்டி மிக்ஸியில் பொடித்துச் சலித்து, பர்பியை அடுப்பிலிருந்து இறக்கும் தறுவாயில் இரண்டு தேக்கரண்டி தூவிக் கிளறினால், திகட்டாமல் இருக்கும்.


அரியாங்குப்பம் ஆசிரியை

வாசல் செம்பருத்தியை நம் நண்பர்கள் ஒதுக்கிவிட்டார்களே என்ற ஆதங்கத்தில் நானும் நான்கு வரி எழுதுகிறேன். பழைய தமிழில் இந்தப் பூவுக்குச் செம்பரத்தை என்பதே பெயர். செம்பருத்தி என்பது சிவந்த பருத்தியைக் குறிப்பது. பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. என் பாட்டி கடைசி வரை செம்பரத்தை என்றே சொன்னார்.

நீங்கள் தூக்கு நிறையச் சேர்த்த இதழ்களை எறிந்துவிட வேண்டாம். அதற்கு வேண்டிய புளிப்பை நாம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு பிடி இதழை வெந்நீரில் ஐந்து நிமிடம் மட்டும் போட்டு எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் ஊறினால் வழவழப்பு இறங்கும். ஊதாவாக இருக்கிற அந்த நீரில் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால், பிழிந்த இடத்திலிருந்து சிவப்பு படர்ந்து கண் இமைப்பதற்குள் பாத்திரம் முழுவதும் செவ்வொளி பரவிவிடும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமிலம், காரம் பாடத்தை இதை வைத்துத்தான் நடத்துகிறேன். கற்கண்டு சேர்த்தால் அருமையான சர்பத். வழவழப்பே நன்மையாகிற இடமும் உண்டு: தோசைக்கு அரைக்கும்போது ஊறவைத்த இதழை ஒரு கை சேர்த்தால் தோசை மெத்தென்று வரும். நிறம் மட்டும் சற்று மங்கலாக இருக்கும்.

ஐந்து இதழ் கொண்ட ஒற்றைச் சிவப்புப் பூவையே எடுங்கள். நடுத்தண்டையும் பச்சைப் புல்லியையும் கிள்ளிவிடுங்கள். நாற்றுப் பண்ணையிலிருந்து அண்மையில் வாங்கிவந்த செடியில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள் என்பதால் அதன் பூவைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

ரோசெல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2010-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 65 பேரிடம் செய்து வெளியிட்ட ஆய்வில், இந்தச் சாற்றை நாளுக்கு மூன்று கோப்பை வீதம் ஆறு வாரம் குடித்தவர்களுக்கு, இரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 7 புள்ளி குறைந்தது. குடிக்காமல் வேறு பானம் குடித்தவர்களுக்கு 1 புள்ளி அளவே குறைந்தது. விருந்தில் ஒரு தட்டு கடல்பாசி சாப்பிடுவதால் எதுவும் ஆகிவிடாது. ஆயினும் அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் நாள்தோறும் குடிக்கத் தொடங்குமுன் தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கருவுற்ற பெண்கள் தவிர்த்துவிடுவது நல்லது.


லாஸ்பேட்டை வாசகி

எல்லோருக்கும் வணக்கம். விருந்து முடிந்து இரண்டு நாள் ஆகிறது. நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

பொட்டலத்தில் 100 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே மிச்சம் இருந்தது. அதில் 50 கிராமை மணப்பாகாகக் காய்ச்சி, அந்தச் சக்கையிலேயே தொக்கு செய்தேன். கொதித்த சக்கை என்பதால் புளிப்பு கொஞ்சம் இறங்கிவிட்டிருந்தது. முதுநகர் சகோதரி சொன்ன வெல்லத்தைப் பாதியாகக் குறைத்து, கொதிக்காத புல்லியின் பிடிப்பு வருவதற்காகப் புதிதாக ஊறவைத்த பத்துப் புல்லிகளையும் நறுக்கிச் சேர்த்தேன், சரியாக வந்தது. எண்ணெய் ஓரமாகப் பிரியும் வரை நம்பிக்கையே இல்லாமல்தான் நின்றேன். பிரிந்த பிறகு அந்த நிறத்தைக் காட்ட என் கணவரைக் கூப்பிட்டேன்.

கடல்பாசியை முதல் முறை செய்தபோது வெள்ளை அடுக்கு முழுதாக உறைந்துவிட்டது. பரங்கிப்பேட்டைச் சகோதரி எச்சரித்தபடியே வெட்டும்போது இரண்டும் தனித்தனியாக வழுக்கின. மறுநாள் காலை மீண்டும் செய்தேன். இம்முறை விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஒட்டுகிற பதத்தில் கரண்டியின் முதுகு வழியாகச் சிவப்பை ஊற்றினேன், பிடித்துக்கொண்டது.

ஓர்ப்படி அக்கா கடல்பாசியைப் பார்த்ததும் கண்டுகொண்டார். தொக்கைக் கண்டுகொள்ளவில்லை. தயிர்ச்சோற்றோடு இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, இது எந்த ஊர் மாங்காய் என்று கேட்டார். டாக்கரில் இருந்த அத்தனை ஆண்டும் சக்கையை வீசிவிட்டதாகச் சொன்னவர், மீதி இருந்த தொக்கைப் புட்டியோடு எடுத்து வைத்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு ஆசிரியை அம்மா சொன்ன எலுமிச்சைச் சர்பத்தைக் கண்ணாடிக் குவளையில் செய்து காட்டினேன். ஆளுக்கு மூன்று முறை பிழிந்து பார்த்தார்கள், எலுமிச்சம்பழம் தீர்ந்துபோயிற்று.

பாகூர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் வீட்டுப் பின்புறம் வெயில் படுகிற இடம் பத்தடிக்குப் பத்தடி இருக்கிறது. அதில் எத்தனை செடி வைக்கலாம், விதை எங்கே கிடைக்கும்?


பாகூர் தோட்டக்காரர்

மிக்க மகிழ்ச்சி, சகோதரி. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். சரியான நேரத்தில் கேட்டீர்கள். செடிக்குச் செடி மூன்றடி விட்டால் உங்கள் இடத்தில் ஒன்பது செடி நிற்கும், ஒரு வீட்டுக்கு அதுவே மிகுதி. சென்ற தை மாதம் நான் முற்றவிட்டு எடுத்த விதை கையில் இருக்கிறது. இந்த அரங்கின் வழியாகத் தனிச்செய்தி அனுப்பினால், ஆடி பிறப்பதற்குள் கொண்டுவந்து சேர்க்கிறேன். விதையை ஓர் இரவு ஊறவைத்து, அரை விரல் ஆழத்தில் ஊன்றுங்கள். செடி ஒன்றரை அடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை நிறைய வெடித்துக் காய்ப்பு கூடும். கிள்ளிய கொழுந்தைக் கீரையாகக் கடைந்துவிடலாம்.